ஒன்பது மணிக்கு மேல்

என்னைத் தங்கமான அப்பா என்று சொல்லாத ஆள் எங்கள் வீதியில் கிடையாது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பால் வாங்கப் போனால் சொல்வார்கள், ரேஷன் கடை வரிசையில் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சோற்றை விட்டுவிட்டு என் தோளைத் தட்டிச் சொல்வார். "நவநீதன் மாதிரி ஒருத்தன் இந்தக் கோபி டவுன்லயே இல்லீங்க. லேத்துப் பட்டறைய மூடிப்போட்டுப் பத்து வருசமாப் புள்ளையத் தூக்கிச் சுமக்கறான்." நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். அடக்கமான ஆள் என்று அதற்கும் ஒரு பாராட்டு வரும்.

என் மகள் இதழினிக்குப் பத்து வயது. இருபத்தேழு கிலோ. கை, கால், கழுத்து, நாக்கு எதுவும் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகவில்லை, அதனால் வந்தது. புத்திக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. ஊரை விற்றுவிட்டு வந்துவிடுவாள்.

என் மனைவி ஹரிணி அரசுப் பேருந்து ஓட்டுநர். இப்போது பேருந்துகள் தானாகவேதான் ஓடுகின்றன, ஆனாலும் ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதலில் ஓட்டி, பிறகு சும்மா உட்கார்ந்து, அவள் முதுகெலும்பில் இடுப்புப் பக்கம் இரண்டு வில்லை நசுங்கிவிட்டது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே தூக்குவது என் வேலை.

காலை ஆறு மணிக்கு இதழினியை எழுப்புவேன். எழுப்பின உடனே தூக்கிவிட முடியாது. தூக்கத்தில் தொடைத் தசை இறுகிப்போய் முழங்கால் மடங்கிக் கிடக்கும். எண்ணெய் தொட்டு இருபது நிமிடம் நீவி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும். வலிக்கும். அவள் அழமாட்டாள், கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு டயபர் மாற்றி, குளிக்க வைத்து, ஒரு இட்லியைச் சாம்பாரில் கரைத்து ஊட்ட முக்கால் மணி நேரம். தாடையை ஒரு கையால் ஏந்தி, நாக்கின் ஓரத்தில் வைத்து, அவள் விழுங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். போன ஆடியில் அப்படிப் போய்ப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். ஊட்டி முடித்து, காலுக்குப் பட்டை மாட்டி, நாற்காலியில் வைத்து ஐந்து இடத்தில் பெல்ட் போட்டு நிமிர்ந்தால் ஒன்பது மணி. அப்போதே எனக்கு ஒரு நாள் முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் பதினொன்றுக்கு மறுபடி டயபர், மறுபடி நீவுதல், மறுபடி ஊட்டல்.

அரசாங்கம் ஒரு தூக்குக்கை கொடுத்திருக்கிறது. பிள்ளையை அலுங்காமல் தூக்கிக் கொண்டுபோய் எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடும் இயந்திரம். எங்கள் குளியலறைக் கதவைவிட அது நான்கு விரல்கடை அகலம். மூன்று வருடமாகக் கூடத்தில் நிற்கிறது, ஹரிணி அதன் மேல் துணி காயப்போடுகிறாள்.

இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் இதழினி பெரியவளாகிவிடுவாள். இப்போதே நான் குளிக்க வைக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். அவள் பார்க்காவிட்டால் நான் அங்கே இல்லை என்று அர்த்தம்போல. நானும் பேசாமல் குளிக்க வைத்துவிட்டு வருவேன்.

அவள் பேசுவது கண்பலகை வழியாக. நாற்காலிக்கு முன்னால் நிற்கும் கண்ணாடிப் பலகை. அவள் கண் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதை எடுத்துக் கோத்து வாய்விட்டுச் சொல்லும். செய்தவன் எந்த ஊர்க்காரனோ, அதற்கு வானொலிச் செய்தித் தமிழ் மட்டும்தான் வரும். என் பிள்ளைக்குக் "கொசு கடிக்குதுப்பா" என்று சொல்லக் கொடுத்து வைக்கவில்லை. "தந்தையே, இடது கன்னத்தில் கொசு அமர்ந்திருக்கிறது" என்றுதான் அறிவிப்பு வரும். அது வருவதற்குள் கொசு குடித்து முடித்துவிட்டுப் போயிருக்கும். நான் சிரித்துவிடுவேன். அவளும் சிரிப்பாள். சிரித்தால் உடம்பு வில்லாக வளைந்து பெல்ட்டை இழுக்கும்.

இந்த நிலையில்தான் கோவை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நரம்பு மருத்துவர் ஷமீலா. இரண்டு வருடமாக அவரிடம்தான் காட்டுகிறோம். புதுச் சிகிச்சைக்கு நாங்கள் பெயர் கொடுத்து வைத்திருந்தோம். இதழினியை நர்ஸ்கள் எடை பார்க்கக் கொண்டுபோன நேரத்தில் டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

"நவநீதன், உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். இதழினியோட தோல்ல இருந்து எடுத்த செல்லை வளத்தி மூளையில நடப்போறோம். நாத்து நடற மாதிரிதான். ஆனா நடறதுக்கு முன்னாடி, அந்த எடம் எத்தனை நிமிஷம் காத்தில்லாமக் காஞ்சுதுன்னு தெரியணும். இருபத்தஞ்சு நிமிஷம் வரைக்கும் காஞ்ச எடத்துல நாத்து நல்லாப் புடிக்குது."

"அதுக்கு மேல காஞ்சிருந்தா?"

"வேற ஊர்ல பதினோரு கொழந்தைங்களுக்கு நிமிஷம் தெரியாம நட்டுட்டாங்க. நாத்து தாறுமாறா வளந்து வலிப்பு நிக்கவேயில்ல. மூணு பேரு போயிட்டாங்க. ஆறு பேரு முன்ன இருந்ததை விட மோசம். ரெண்டு பேருக்கு மட்டும் எப்படியோ புடிச்சிருச்சு. ஏன்னு எங்களுக்கே தெரியல."

அவர் இரண்டு தாள்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார்.

"இது உங்க பிரசவ ஃபைல். எட்டு அம்பதுக்குத் துடிப்பு கொறஞ்சுது, ஒம்பது ஆறுக்குக் கொழந்தைய எடுத்தாச்சு. பதினாறு நிமிஷம். இது போன வாரம் எடுத்த ஸ்கேன். தழும்பைப் பாத்து நிமிஷம் சொல்ற புது மெஷின். அது நாப்பத்தஞ்சுல இருந்து அம்பதுக்குள்ளங்குது. மெஷின் தப்பாவும் சொல்லும், வலிப்பு மாத்திரை சாப்பிடற பசங்களுக்குக் கூட்டிக் காட்டும். அதனால பெத்தவங்க சொல்றதைத்தான் கடைசியா எடுத்துக்கறோம். அன்னிக்கு உள்ள உங்க மனைவி மயக்கத்துல இருந்தாங்க. வெளியில இருந்தது நீங்க. பதினாறு சரியா?"

"சரிதானுங்க" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி நாக்குக்கு வழக்கமாகிவிட்டது, தானாக வந்தது.

"அப்ப நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு மூணு பேரும் வாங்க. ஒம்பது வயசு தாண்டுன கொழந்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லி அதோட சம்மதம் வாங்கணும்கறது சட்டம். எதையும் மறைக்கக் கூடாது."

இதழினி பிறந்த அன்றைக்கு நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை. ஹரிணிக்கு ஆபரேஷன் என்று முதல் நாளே முடிவாகியிருந்தது. நாள் குறித்துத்தான் போனோம், எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். ஜோசியர் ஒன்பது ஐந்திலிருந்து ஒன்பது இருபதுக்குள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். காலை எட்டு பத்தொன்பதுக்கு நர்சிங் ஹோமின் பெரிய டாக்டர் வெளியே வந்து, "துடிப்பு எறங்குது, இப்பவே எடுத்துரலாம்" என்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம்.

எனக்கு ஒன்றும் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. நான் லேத் ஓட்டுகிறவன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் கண்டுபிடிப்பவன். ஆனாலும் பிள்ளை விஷயம், பார்த்தால் என்ன நஷ்டம் என்று ஒரு புத்தி இருக்கிறதே. "ஒம்பது மணி ஆகட்டுங்க டாக்டர், முக்கால் மணி நேரந்தானே" என்றேன். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்பக் கொஞ்சம் ஏறியிருக்கு. பொறுப்பு உங்களுது" என்றார். நான் தலையாட்டினேன். ஏறினது மறுபடி இறங்கியது. ஒன்பது ஆறுக்கு எடுத்தபோது இதழினி நீலமாக இருந்தாள், அழவில்லை. நாற்பத்தேழு நிமிடம். பிறகு நானும் பெரிய டாக்டரும் அவர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஃபைலில் எட்டு ஐம்பது என்று அவர் எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. அந்த நர்சிங் ஹோமும் இல்லை, ஜவுளிக்கடை ஆகிவிட்டது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. ஹரிணி ஏழாம் மாதத்தில் சூரிய கிரகணத்தன்று வண்டி எடுத்தாள். கர்ப்பிணி வெளியே வரக் கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் தடுத்தார்கள், அவள் கேட்கவில்லை, டியூட்டி என்று போய்விட்டாள். பிள்ளை இப்படிப் பிறந்ததும் பழி அவள் தலையில் விழுந்தது. கிரகணத்தில் வண்டியெடுத்தவள் என்றே என் அத்தை அவளுக்குப் பேர் வைத்துவிட்டாள். பத்து வருடமாக நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தை மறுத்ததில்லை. அவளுக்குப் பழி, எனக்குத் தங்கமான அப்பா.

கோவையிலிருந்து திரும்பி வரும்போது இதழினி வண்டியில் கண்பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. டாக்டர் அவளிடமும் கொஞ்சம் சொல்லியிருந்தார். நாற்று நன்றாகப் பிடித்தால் ஒரு வருடத்தில் கைகள் வரும், கால் பிறகு பார்க்கலாம் என்று.

"தந்தையே, கைகள் வந்தவுடன் நான் செய்யவிருப்பவற்றைப் பட்டியலிட்டிருக்கிறேன்."

"படி அம்மிணி, கேக்கறேன்."

"முதலாவதாக ஒரு கொசுவை அடிப்பேன்."

"ஒண்ணு போதுமா?"

"முதல் நாளுக்குப் போதும். இரண்டாவதாக, வகுப்பில் கை உயர்த்துவேன். மூன்றாவதாக, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே குளிப்பேன். தாங்கள் வெளியே நிற்க வேண்டும்."

"நின்னுட்டுப் போறேன். எத்தனை நேரம் குளிப்ப?"

"மாலை வரை."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஹரிணி நாலு மணிக்கு டியூட்டி முடிந்து வந்தாள். இதழினி கூடத்தில் காதில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையில் மகளின் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே ஹரிணியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பதினோரு பேர், மூன்று பேர், ஆறு பேர், இரண்டு பேர், எல்லாம். பிறகு குழாயை மூடிவிட்டு, "ஹரிணி, அன்னிக்குப் பதினாறு நிமிஷம் இல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

அவள் டீத்தூளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அளவு மாறாமல் போட்டாள்.

"மூணாம் நாளே தெரியும். கட்டு மாத்த வந்த நர்ஸக்கா சொன்னாங்க. உங்க வூட்டுக்காரரு ஒம்பது மணி ஆகட்டும்னுட்டாருன்னு."

"ஏன் என்னைக் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். தம்பி கல்யாணத்துல பந்தியில வெச்சு உங்கத்தை என்னைக் கிரகணத்துல வண்டியெடுத்தவள்னு சொன்னாங்களே, அப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க ரசம் ஊத்தச் சொன்னீங்க."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"அப்பறம் நீங்க பட்டறைய மூடிப்போட்டு வந்து புள்ளையத் தூக்குனீங்க. ஒரு நாளு மொகம் சுளிக்கல. மலம் அள்ளறதுக்குச் சுளிக்கல, பதினோரு நாளு ஆஸ்பத்திரித் தரையில படுத்ததுக்குச் சுளிக்கல. அப்பத்தான் நெனச்சேன், இந்த மனுசன் சொல்லாமயே இருக்கட்டும்னு. சொன்னா அழுவீங்க. நானும் ஒரு வருசம் பேசாம இருந்துட்டு மன்னிச்சிருப்பேன். மன்னிச்சுட்டா நீங்க மறுபடியும் லேத்துக்குப் போயிருப்பீங்க. நீங்க மன்னிப்புக் கேக்கறதெல்லாம் எனக்கு எதுக்குங்க? புள்ளையத் தூக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்."

டீயை வடிகட்டி என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். குடிக்க முடியவில்லை. என்னை இவள் பத்து வருடம் கட்டிப்போட்டு வைத்திருக்கிறாள் என்று ஒரு நொடி ஆத்திரம் வந்தது. அப்புறம் அந்த ஆத்திரத்துக்கு எனக்கு என்ன அருகதை என்று அடங்கிவிட்டது.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நெசத்தைச் சொல்லிரலாம்னு இருக்கேன்" என்றேன்.

"சொன்னா நாத்து கெடையாது."

"சொல்லாட்டி செத்துப் போயிருவா, ஹரிணி. மூணு பேரு செத்திருக்காங்க."

"ரெண்டு பேரு எந்திரிச்சிருக்காங்க."

"பதினொண்ணுல ரெண்டு."

"இப்ப நமக்குப் பதினொண்ணுல எத்தனை இருக்கு? ஒண்ணு கூட இல்ல." அவள் குரல் உயரவில்லை. "நாம ரெண்டு பேரும் போன பொறவு இவளை யாரு தூக்குவாங்க? ஒரே ஒரு பேரு சொல்லுங்க. சொல்லுங்க, நான் வாயை மூடிக்கறேன்."

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். சொந்தத்தில், நட்பில், வீதியில். என்னைத் தங்கமான அப்பா என்று சொல்கிற அத்தனை முகமும் வந்து போனது. ஒரு பெயர் கூட வாயில் வரவில்லை.

"பத்து வருசம் பொய் சொன்னீங்களே" என்றாள் ஹரிணி. "இன்னும் ஒரு நாளு சொல்றதுக்கு என்ன?"

மறுநாள் காலை பதினோரு மணிக்கு டாக்டர் ஷமீலாவின் அறையில் மூன்று பேரும் இருந்தோம். இதழினியைப் பரிசோதனைக் கட்டிலில் சாய்த்துப் படுக்க வைத்து, தலையணை அணைகொடுத்து, கண்பலகையை முகத்துக்கு நேரே திருப்பியிருந்தார்கள். ஹரிணி சன்னலோரம் நின்றாள். காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பதினாறு என்றால் என் மகள் சாகலாம். நாற்பத்தேழு என்றால் அவள் இப்படியே இருப்பாள், எங்களுக்குப் பின்னால் யாருமில்லாமல் இருப்பாள். இரண்டில் எது நல்ல அப்பா சொல்கிற எண் என்று யாராவது சொன்னால் தேவலை.

டாக்டர் கட்டிலருகில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி இதழினியிடம் பேசினார். நாற்று என்றால் என்ன, மண்டையில் எங்கே துளை, எத்தனை நாள் கட்டு, எல்லாம் சொன்னார். பதினோரு குழந்தைகளைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் இரண்டு தாள்களையும் அவள் பார்க்கும்படி பிடித்தார்.

"மெஷின் ஒண்ணு சொல்லுது. ஃபைல் ஒண்ணு சொல்லுது. உங்கப்பா ஃபைல்தான் சரின்னு சொல்றாரு. அதை வெச்சுத்தான் நாங்க பண்ணப்போறோம். நீ நல்லா யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல."

இதழினி கண்ணால் எழுத்துகளைக் கோக்க ஆரம்பித்தாள். அவள் ஒரு வாக்கியம் கோக்க நேரமாகும். பிறகு அந்தச் செய்திக் குரல் வந்தது.

"இயந்திரத்தை விட நான் என் தந்தையை நம்புகிறேன். எனக்குச் சம்மதம்."

"இல்லீங்க டாக்டர்" என்றேன்.

ஹரிணி சன்னலிலிருந்து திரும்பினாள்.

"மெஷின் சொல்றதுதான் சரி. நாப்பத்தேழு நிமிஷம். எட்டு பத்தொம்பதுக்கே எடுக்கலாம்னாங்க. நான்தான் ராகு காலம் போகட்டும், ஒம்பது மணி ஆகட்டும்னு சொன்னேன். ஃபைல்ல இருக்கறது பொய்."

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு இதழினியிடம் திரும்பி, "கண்ணு, இப்ப நம்மால நாத்து நட முடியாது. அத்தனை நிமிஷம் காஞ்ச எடத்துக்கு இன்னும் யாருகிட்டயும் மருந்து இல்ல. என்னை மன்னிச்சிரு" என்றார். ஒரு தப்பும் செய்யாத அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார்.

இதழினியின் கண் பலகையில் நகர்ந்தது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். பக்கத்தில் போக உடம்பு வரவில்லை.

"ஒன்பது மணிக்கு மேல் பிறந்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கூறினார்கள்?"

இதைக் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஏன் செய்தாய் என்று கேட்பாள், வலித்தது என்று சொல்வாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஜோசியர் சொன்னதை நான் பத்து வருடத்தில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குள் சொல்லிப் பார்த்தது கூட இல்லை.

"அப்பா" என்றார் டாக்டர், மெதுவாக. "கொழந்தை கேக்குது. பதில் சொல்லுங்க."

"ராசயோகம்னு சொன்னாரு அம்மிணி" என்றேன். "அந்த நேரத்துல பொறக்கற புள்ளைக்குக் காலு தரையில படாது, எந்நேரமும் தூக்கிச் சுமக்கறதுக்கு ஆளு நிக்கும்னு சொன்னாரு."

ஹரிணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து சும்மாவே கை கழுவினார். இதழினியின் கண் ஏழெட்டு எழுத்தில்தான் நின்றது.

"பலித்துவிட்டது."

அந்தக் குரலுக்குக் கோபம் தெரியாது, கேலி தெரியாது, அழுகையும் தெரியாது. மழை அளவு சொல்கிற மாதிரிச் சொன்னது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை, கட்டில் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி எழுத்துகள் கோத்தாள். இந்தத் தடவை நிறைய நேரமானது. நடுவில் ஒரு முறை கண் களைத்துப்போய் நின்றுவிட்டு, மறுபடி தொடங்கினாள்.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

ஹரிணியின் வாய் திறந்தது. அவள் நிஜத்தைச் சொல்லிவிடுவாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. நேற்று அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பெயரும் இல்லை. இப்போது இந்தப் பிள்ளைக்கு நம்புவதற்கு ஓர் ஆளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"தெரியாது" என்றேன். "இப்ப நான் சொன்னப்பத்தான் அவளுக்கே தெரியும். எல்லாம் இந்தப் பாவி ஒருத்தன் பண்ணுனது. அம்மாளுக்கு ஒண்ணுந் தெரியாது, சாமி."

ஹரிணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையை இலேசாக ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

கிளம்ப வேண்டியதுதான் என்று வழக்கம்போல நான் பெல்ட்டுகளைத் தளர்த்தி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டித் தள்ளினேன். குனிந்து ஒரு கையை அவள் முழங்காலுக்கு அடியில் கொடுக்கப் போனேன். கண்பலகை பேசியது.

"அம்மா என்னைத் தூக்கட்டும்."

"கண்ணு, அம்மாளுக்கு இடுப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா தூக்கட்டும்."

நான் கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றேன். ஹரிணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு நர்ஸ் ஓடிவந்து கால் பக்கம் பிடித்தாள். ஹரிணி மகளின் தோளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதடு வெளுக்கத் தூக்கினாள். பழக்கமில்லாததால் பிள்ளையின் தலை ஒரு பக்கம் சரிந்தது. இருபத்தேழு கிலோவும் அவள் இடுப்பில் இறங்குவது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. எப்படியோ நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். பெல்ட்டை எந்தத் துளையில் மாட்டுவது என்று தெரியாமல் தடுமாறினாள். நான் சொல்லலாமா என்று பார்த்தேன். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

நான் கால் பட்டைகளையும் டயபர் பையையும் எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். அவர்கள் வெளியே போனார்கள்.